ஜோக் இல்லாமலே சிரிக்கலாம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சிரிப்புப் பயிற்சி

‘காரணமே இல்லாம எப்படிங்க சிரிக்கிறது?’ சிரிப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் எங்கள் ராயபுரம் பக்கம் முதலில் வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். 1995-ல் மும்பை டாக்டர் மதன் கட்டாரியா ஒரு பூங்காவில் ஐந்தே பேரோடு ஆரம்பித்தபோது அவர்களும் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாளில் நல்ல ஜோக்குகள் தீர்ந்தன. மிச்சம் இருந்தவை சிலர் மனதை நோகடித்தன. அதன் பிறகுதான் ஜோக்கை விட்டுவிட்டு, சிரிப்பையே பயிற்சியாகச் செய்யும் முறை வந்தது.

முதலில் ஆள் சேருங்கள். வீட்டில் ரெண்டு பேர் இருந்தாலும் போதும். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழு நடத்திய ஆய்வில், சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. உடம்பில் சுரந்து வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின் என்ற ரசாயனம்தான் காரணம் என்பது அவர்கள் கருத்து.

இடம், நேரம். காலை ஆறு, ஆறரை நல்லது. வெயில் ஏறினால் புழுக்கத்தில் மூச்சு வாங்கும். பூங்கா, மொட்டை மாடி எதுவானாலும் சரி. ஆனால் மணலி, எண்ணூர், திருவொற்றியூர்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றில் கேஸ் வாடையோ கெமிக்கல் வாடையோ அடிக்கிற நாளில் வெளியே நின்று ஆழமாக மூச்சு இழுக்கவே வேண்டாம். அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

கைதட்டல். விரல் விரலோடு, உள்ளங்கை உள்ளங்கையோடு படும்படி தட்டிக்கொண்டே ‘ஹோ ஹோ, ஹா ஹா ஹா’ சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும்.

மூச்சு. அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுத்து, ‘ஹா... ஹா... ஹா...’ என்று விட்டு விட்டு வெளியே தள்ளுங்கள். ஒவ்வொரு ‘ஹா’வுக்கும் வயிறு உள்ளே போவது கையில் தெரிய வேண்டும். தொண்டையால் மட்டும் கத்தினால் வயிறு அசையாது, தொண்டைதான் கட்டிக்கொள்ளும். வயிறு இறுகும்போது உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசை) மேலே ஏறி, நுரையீரலில் தங்கியிருக்கும் காற்றை நன்றாகத் தள்ளிவிடும். இதயத் துடிப்பும் கொஞ்சம் ஏறும். சிரித்து முடித்ததும் இறங்கி, தோளும் கழுத்தும் தளரும். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர்களுக்கும் தையல் மிஷினில் குனிந்தே இருக்கிறவர்களுக்கும் அந்தத் தளர்வு எவ்வளவு பெரிய விஷயம்!

ஷேர் ஆட்டோ சிரிப்பு. நம்ம ஊருக்கென்றே இது. எதிரெதிரே நெருக்கி உட்காருங்கள். ஒருவர் ‘பள்ளம்!’ என்றதும் எல்லோரும் குலுங்கி, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். முதல் ரெண்டு பள்ளம் வரைக்கும் நடிப்பாக இருக்கும். மூன்றாவதில் யாராவது ஒரு அக்கா நிஜமாகவே சிரித்துவிடுவார், அது அப்படியே எல்லோருக்கும் தொற்றிக்கொள்ளும்.

ஒரே ஒரு விதி: யாரையும் கலாய்க்கக் கூடாது. கலாய்ப்பது நம் பேச்சோடு ஊறியது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஒருத்தர் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மனபாரத்தோடு வருகிறவர் இங்கே அந்தப் பயமில்லாமல் நிற்க வேண்டும்.

நடுநடுவே ஆழமாக மூச்சு விட்டு இளைப்பாறுங்கள். புதியவர்களுக்கு மொத்தம் பத்து நிமிடம் போதும். எடை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 10–15 நிமிடச் சிரிப்பில் கூடுதலாகச் செலவாவது 10 முதல் 40 கலோரிதான்.

யார் செய்யக் கூடாது? குடலிறக்கம், முற்றிய மூலம், கட்டுக்குள் வராத பிரஷர், வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். வீசிங் உள்ளவர்களுக்குப் பலத்த சிரிப்பே இருமலைக் கிளப்பலாம். இன்ஹேலர் கையில் இருக்கட்டும். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குச் சிரிக்கும்போது சிறுநீர் கசியும். இது நிறையப் பேருக்கு இருப்பதுதான், சிகிச்சையும் உண்டு. வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை என்று ரெண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சிரிப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் செய்து பேசலாம், அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கும் போகலாம். மருந்து எடுத்துக்கொண்டே நம்மோடு சிரிக்க வரலாம், தாராளமாக.