செவலை குட்டி போடுவதற்கு முன்

எங்கள் செவலை சிப்பிப்பாறை நாய். மூன்று முறை குட்டி போட்டுவிட்டாள். முதல் தடவை, சினை நாய்க்குச் சத்து வேண்டுமே என்று தினமும் கால்சியம் டானிக் ஊற்றினேன். குட்டி போட்ட பதினைந்தாம் நாள் கால்கள் விறைத்து, உடம்பு நடுங்கி, இழுப்பு வந்துவிட்டது. டாக்டர் நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றித்தான் காப்பாற்றினார். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேலையை உடம்பு குறைத்துக்கொள்ளுமாம். பால் சுரக்கத் தொடங்கியதும் தேவை திடீரென்று கூடும், உடம்பால் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே டாக்டர் சொல்லாமல் கால்சியம் வேண்டவே வேண்டாம்.

இணை சேர்ந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சுமார் 63 நாள் கணக்கு. சில நாள் முன்பின் ஆகலாம். நாலு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால் சினையா இல்லையா என்று தெரிந்துவிடும். 55 நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளை எண்ணலாம். எத்தனை என்று தெரிந்தால்தான், கடைசிக் குட்டி உள்ளேயே நின்றுவிட்டதா என்பது அன்றைக்குப் புரியும்.

முதல் ஐந்து வாரம் வழக்கமான சாப்பாடே போதும். அதிகம் போட்டால் கொழுப்பு சேர்ந்து பிரசவம் கஷ்டமாகும். ஆறாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் ஒன்றரை மடங்கு கொடுக்கலாம். வயிறு நெருக்குவதால் ஒரே வேளையில் சாப்பிட மாட்டாள். மூன்று, நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். வெறும் தயிர்சோறு போதாது. அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி சேருங்கள், இல்லையென்றால் குட்டிகளுக்கான தீவனம் வாங்குங்கள். உண்ணி மருந்து, பூச்சி மருந்து எதுவானாலும் சினை என்று டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டே கொடுங்கள்.

பத்து நாள் முன்பே இடம் தயார் செய்யுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத, காற்று வரும் மூலை நல்லது. நான் பழைய பலகைகளை அடித்து, அவள் தாண்டும் உயரத்துக்கு, குட்டிகள் வெளியே உருளாத அளவுக்கு ஒரு பெட்டி செய்தேன். உள்ளே செய்தித்தாள், அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டி. அவளுக்கு அந்த வாசனை தெரியும், போய்ப் படுத்துக்கொண்டாள்.

58ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நுனியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் துள்ள மாட்டாள். வழக்கமாக 101 டிகிரி பாரன்ஹீட் பக்கம் இருக்கும். 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி வரும். சாப்பாட்டைத் தள்ளுவாள், படுக்கையைப் பிறாண்டுவாள், மூச்சிரைப்பாள். அப்போது கூட்டம் கூடாமல், அவளுக்குப் பழகிய ஒருவர் மட்டும் அருகில் இருந்தால் போதும்.

இரவில் வரக்கூடிய டாக்டரின் நம்பரும் ஒரு வண்டியும் அந்த வாரம் முழுக்கத் தயாராக இருக்கட்டும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சையாக நீர் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.