வீட்டில் ஒருவர் ஹாக்கிக்கு உயிரை விடுபவரா? நீங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 டிசம்பர் 2. மதுரையில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை, இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் ஆட்டம். காரைக்குடியிலிருந்து நானும் மனைவியும் நேரத்தோடு பஸ் ஏறி, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். பக்கத்தில் இரண்டு இருக்கைகளில் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்து, என் சித்தப்பா மகனுக்கும் அவன் மனைவிக்கும் இடம் பிடித்திருந்தோம். அந்தப் பெண் என் மனைவியிடம் பள்ளியில் ஹாக்கி பழகியவள். போன வருடம்தான் எங்கள் குடும்பத்துக்கு மருமகளாக வந்தாள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது முதல் பாதி முடிந்திருந்தது. “சுவிட்சர்லாந்துதானண்ணே, எப்படியும் நம்மதான் ஜெயிப்போம். அதான் மேலூர்ல நிறுத்திச் சாப்பிட்டுட்டு வந்தோம்” என்றான் தம்பி. அவன் சொன்னபடியே 5-0 என்று ஜெயித்தோம். ஆனால் அந்தப் பெண் மீதி நேரமெல்லாம் என் மனைவியின் காதருகே குனிந்து, தான் பார்க்காமல் விட்ட கோல்கள் எப்படி விழுந்தன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அதே தவறை அவனைவிடப் பெரிதாகச் செய்தவன் நான். கணவராலோ மனைவியாலோ இந்த விளையாட்டுக்குள் வந்தவர்கள் இப்போது நிறையப் பேர் கண்ணில் படுகிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். டிவியை மறைத்து நிற்பது, முக்கியமான நேரத்தில் காபி வேண்டுமா என்று கேட்பது இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. இரண்டு ஆட்டத்தில் தானாகச் சரியாகிவிடும்.

ஆட்டம் ஓடும்போது விதி கேட்பது

என் மனைவிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அங்கே பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதுமே கையில் ஹாக்கி மட்டை இருக்கும். உடற்கல்வி படிக்க அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு வந்தவள், இங்கேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்துத் தங்கிவிட்டாள். எனக்கோ கல்யாணத்துக்கு முன் ஹாக்கி என்றால் தேசிய விளையாட்டு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஒரு வரிதான்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் அணி 36 ஆண்டுகளுக்குப் பிறகு ஆடியது. அவள் டிவி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, “இப்ப எதுக்கு விசில்? ஏன் எல்லாரும் கோல் போஸ்ட்டுக்குள்ள நிக்கிறாங்க?” என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அப்படிப் பதில் சொன்ன நேரமெல்லாம் அவள் ஆட்டத்தைப் பார்க்காத நேரம்.

இவ்வளவு தெரிந்தால் போதும். பதினைந்து நிமிடமாக நான்கு குவார்ட்டர். ‘டி’ என்று சொல்லும் அரைவட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டை பந்தில் பட்டால்தான் கோல் கணக்கு. ‘டி’க்குள் தடுக்கும் அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்புதான் பெனால்டி கார்னர். அதில் கோல்கீப்பரும் இன்னும் நான்கு பேரும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். பச்சை அட்டை இரண்டு நிமிடம், மஞ்சள் அட்டை குறைந்தது ஐந்து நிமிடம் வெளியே. மற்ற சந்தேகங்களை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட்டோடு ஒப்பிடுவது

வேண்டாம்.

முடிவை நீங்களே கட்டிவிட்டு அவர் நாளை எடுத்துக்கொள்வது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு ஆறாத விஷயம்.

ரியோவில் ஜப்பானோடு 2-2 என்று சமன் செய்ததோடு சரி. அப்புறம் நான்கு ஆட்டமும் தோல்வி, பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். அடுத்த ஐந்து வருடமும் அவள் அந்த அணியை விடாமல் பின்தொடர்ந்தாள். 2018 உலகக் கோப்பையில் அயர்லாந்திடம் ஷூட்அவுட்டில், அதாவது ஆட்டம் சமனானபின் கோல்கீப்பரை மட்டும் எதிரே வைத்து ஒவ்வொருவராகக் கோல் போட முயலும் சுற்றில், தோற்ற அன்று சாப்பிடாமல் படுத்தாள். ராணி ராம்பால், சவிதா, குர்ஜித் கவுர் என்று பேர் சொல்லி, சொந்தக்காரப் பிள்ளைகளைப் போலப் பேசுவாள். நானும் கூட உட்கார்ந்து பார்த்துப் பாதி ரசிகனாகியிருந்தேன். பாதிதான்.

2021 டோக்கியோ. முதல் மூன்று ஆட்டமும் போயின. நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. பிறகு அயர்லாந்தை 1-0, தென்னாப்பிரிக்காவை 4-3 என்று ஜெயித்தார்கள். அந்த 4-3இல் வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். அன்றே பிரிட்டன் அயர்லாந்தை வென்றதால் நமக்குக் காலிறுதி இடம் கிடைத்தது. எதிரே ஆஸ்திரேலியா, தன் பிரிவில் ஐந்து ஆட்டமும் ஜெயித்து வந்த அணி. ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆட்டம்.

நாங்கள் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஹாலுக்கு ஆத்தங்குடிக் கல் போட வேண்டும், டிசைன் பார்த்துச் சொல்லுங்கள் என்று பட்டறைக்காரர் ஒரு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் திங்கட்கிழமை காலை வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். தேதி தெரியாமல் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவிடம் எப்படியும் தோற்கத்தான் போகிறார்கள், வீட்டில் இருந்தால் இவள் அதைப் பார்த்துவிட்டு நாள் முழுக்க முகம் வாடிக் கிடப்பாள், வெளியே கூட்டிக்கொண்டு போனால் மனது மாறும் என்று நினைத்தேன். அவள் நல்லதுக்காகத்தான் செய்கிறோம் என்றே நம்பினேன்.

அவளிடம் சொன்னபோது, “மேட்ச் இருக்கேங்க” என்றாள். “போன்ல பாத்துக்கலாம்” என்றேன். கல் பிந்தினால் கொத்தனாரும் பிந்துவார் என்று அவளுக்கும் தெரியும். மறு பேச்சு பேசாமல் கிளம்பினாள்.

பட்டறையில் சிக்னல் இல்லை. அவள் வாசலில் வேப்பமரத்தடியில் போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். படம் நாலு நொடி ஓடும், அப்புறம் வட்டம் சுற்றும். நான் உள்ளே நின்று கல் வார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, கரண்டியில் கலர் சிமெண்டை மொண்டு ஒவ்வொரு கட்டமாக ஊற்றினார் ஒருவர். சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சை அசங்காமல் தூக்கியதும் பூ அப்படியே நின்றது. “வந்து பாரேன்” என்று அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். பார்த்தாள். எந்த டிசைன் என்று கேட்டதற்கு ஒன்றைக் காட்டினாள். திரும்ப மரத்தடிக்குப் போய்விட்டாள்.

ஆட்டத்தின் 22ஆவது நிமிடத்தில் குர்ஜித் கவுர் பெனால்டி கார்னரில் கோல் போட்டிருக்கிறார். மீதி நேரம் முழுக்க ஆஸ்திரேலியா முட்டி மோத, கோல்கீப்பர் சவிதாவும் தடுப்பாட்டக்காரர்களும் ஒன்றையும் உள்ளே விடவில்லை. 1-0. இந்தியப் பெண்கள் அணி ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனது அதுவே முதல் முறை.

இது எங்களுக்கு எப்படித் தெரிந்தது? கோவில்பட்டியிலிருந்து என் மாமியார் போன் செய்தார். அழுதுகொண்டே பேசினார் போல. பக்கத்தில் நின்ற எனக்கே குரல் கேட்டது. “பாத்தியாடி? பாத்தியா?”

“இல்லம்மா” என்றாள் என் மனைவி.

அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “ஜெயிச்சுட்டாங்கங்க” என்று என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுஒளிபரப்பு பார்த்தால் போதாதா என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் என்றால் என் மனைவி இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்து முழங்காலைக் கட்டிக்கொள்வாள். அன்று இரவு மறுஒளிபரப்பு பார்த்தபோது ஆஸ்திரேலியாவின் ஒவ்வொரு பெனால்டி கார்னருக்கும் நான் திரும்பி அவளைப் பார்த்தேன். கால் தரையிலேயே இருந்தது.

அரையிறுதியில் அர்ஜெண்டினாவிடம் 1-2. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று முன்னேறி, கடைசியில் பிரிட்டனிடம் 3-4. இரண்டு நாளும் கடையைத் திறக்காமல் அவளோடு உட்கார்ந்தேன். தோற்ற ஆட்டங்களைச் சேர்ந்து பார்த்தோம். ஜெயித்ததை அவளிடமிருந்து நான் பறித்துவிட்டேன்.

தொடர்ந்து தோற்கும் அணியைப் பின்தொடர்பவருக்கு இப்படி ஒரு காலை எப்போது வரும் என்று தெரியாது. அதற்காகத்தான் ஒன்று விடாமல் பார்க்கிறார். தோற்கத்தான் போகிறார்கள் என்று நான் நினைத்ததும், ஜெயிக்கத்தான் போகிறோம் என்று தம்பி மேலூரில் இறங்கியதும் ஒரே தவறுதான். அதனால் வேலையை மாற்றி வையுங்கள், கொத்தனாரிடம் ஒரு நாள் தள்ளிச் சொல்லுங்கள். ஆட்டத்தின் முடிவைப் பற்றி உங்களுக்கு என்ன கணிப்பு இருந்தாலும் சரி.

“விளையாட்டுதானே, விடு”

2024 ஜனவரியில் ராஞ்சியில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று. எட்டு அணிகளில் மூன்றுக்கு இடம். அரையிறுதியில் ஜெர்மனியோடு 2-2, ஷூட்அவுட்டில் 3-4. மறுநாள் ஜப்பானிடம் 0-1. நம் ஊரிலேயே நடந்தும் ஒலிம்பிக் வாய்ப்பு போனது.

கடைசி விசில் ஊதியதும் என் வாயில் இந்த வார்த்தை வந்துவிட்டது. ஆறுதலாகத்தான் சொன்னேன். “பதினாறு வயசுல நான் எழுந்த காலை அஞ்சு மணியெல்லாம் விளையாட்டா?” என்று கேட்டாள். தோற்ற உடனே ஒன்றும் பேசாதீர்கள். பக்கத்தில் இருங்கள். அரை மணி நேரம் கழித்து, பெனால்டி கார்னர் ஏன் ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்று கேளுங்கள். அதற்கு அவர்களிடம் நீண்ட பதில் இருக்கும், பேசப் பேச மனது ஆறும்.

பழம்பெருமை பேசுவது

ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வாங்கிய கதையைப் பெண்கள் அணி தோற்ற இரவில் எடுக்காதீர்கள்.

பந்தை மட்டும் பார்ப்பது

டிவியில் பந்து பாதி நேரம் கண்ணுக்கே தெரியாது. பந்து இல்லாத இடத்தில் யார் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். இதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதற்குப் பிறகுதான் எனக்கு ஹாக்கி பிடித்தது.

பாதியில் எழுந்துபோவது

2025 ஜூனில் இந்தியப் பெண்கள், உலகின் முன்னணி அணிகள் ஆடும் புரோ லீக்கில் கடைசி இடம் வந்து கீழ்நிலைப் போட்டிக்கு இறக்கப்பட்டார்கள். செப்டம்பரில் அதே அணி ஆசியக் கோப்பை இறுதிக்குப் போனது. 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சீனாவுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே நமக்குக் கோல். என் மகள் ஊஞ்சலிலிருந்து குதித்தே விட்டாள். பிறகு சீனா நான்கு கோல் போட்டது. பழைய ஆளாக இருந்திருந்தால் மூன்றாவது கோலுக்கே கடைக் கணக்கைப் பார்க்கிறேன் என்று எழுந்திருப்பேன். கடைசிவரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஆட்டம் உள்ள தேதிகளை அவள் பென்சிலால் வட்டமிட்டு வைப்பாள். சரக்கு எடுக்கத் திருச்சிக்குப் போகும் நாளைக் கடைப் பையனிடம் சொல்வதற்கு முன் நான் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். புது வருடத்துக்குத் தம்பிக்கும் அதே மாதிரி காலண்டர் ஒன்று வாங்கி, கூடவே ஒரு பென்சிலும் வைத்து அவன் மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.