பழைய முகவரியால் கடையில் முடங்கிய ரைஃபிள்

டெக்சாஸ் நண்பரின் வேட்டை ரைஃபிளை ஒஹாயோவில் இருக்கும் நான் வாங்கினேன். வேறு மாநிலத்தவருக்குத் தனிநபர் நேரடியாக விற்கக் கூடாது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவே கைமாற்ற வேண்டும்.

நான் கேட்ட முதல் வியாபாரி, நண்பர் நேரடியாக அனுப்பாமல் இன்னொரு வியாபாரி அனுப்பினால்தான் ரைஃபிள் பெட்டியைப் பெற்றுக்கொள்வேன் என்றார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது அவர் கடை வழக்கம். ஒப்புக்கொண்டால் இரு பக்கமும் கட்டணம். 40 டாலருக்கு இசைந்த வேறொருவரைத் தேடவே நான்கு நாள் போயிற்று.

ரைஃபிள் வந்தது. துப்பாக்கியைப் பெறுபவர் கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் தற்போதைய முகவரியை எழுதினேன். ஓட்டுநர் உரிமத்தில் பழைய வீடு. முகவரி பொருந்தாததால் கொடுக்க முடியாது என்றார் வியாபாரி. மின்கட்டண ரசீதைக் கொண்டுபோனேன், மறுத்தார். வங்கிக் கணக்கு அறிக்கையும் செல்லவில்லை. இரண்டு பயணங்கள் வீண்.

அன்றிரவு படிவத்தின் பின்பக்கக் குறிப்புகளை நிதானமாகப் படித்தேன். முகவரிக்கு இன்னொரு ஆவணத்தைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் அது அரசு வழங்கியதாக இருக்க வேண்டும். புது முகவரி அச்சிட்ட வாகனப் பதிவுச் சீட்டு என் காரிலேயே இருந்தது! மறுநாள் ஓட்டுநர் உரிமத்தோடு அதையும் நீட்டினேன். பின்னணிச் சோதனை முடிந்து அரை மணியில் ரைஃபிள் என் கைக்கு வந்தது. பெரிய நிம்மதி.