முறுக்கு மாதிரி முறிந்த கம்பி

மீகடத்தி என்றால் கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். நையோபியம்-வெள்ளீயம் மீகடத்தியில் நான் சுற்றிய முதல் காயில் (காந்தத்துக்கான கம்பிச்சுருள்) திரவ ஹீலியத்தில் எதிர்பார்த்ததில் பாதி மின்னோட்டத்தைக்கூடத் தாங்கவில்லை. மீகடத்தும் தன்மை போனதைக் காட்டும் மின்னழுத்தம் எகிறியது காயிலுக்குள் அல்ல, வெளியே வரும் முனையில்.

இன்னொரு மீகடத்தியான நையோபியம்-டைட்டானியம் கம்பியை இஷ்டத்துக்கு வளைக்கலாம். ஆனால் காந்தப்புலம் 10 டெஸ்லாவைத் தொடும்போதே மூச்சு வாங்கும். அதற்கு மேலே போக நையோபியம்-வெள்ளீயம்தான் வழி. சிக்கல் என்னவென்றால், சுமார் 650 டிகிரி செல்சியஸில் நாள்கணக்கில் சுட்டால்தான் இது மீகடத்தியாகும், சுட்டபின் முறுக்கு மாதிரி நொறுங்கும். அதனால்தான் முதலில் சுற்றி, பிறகு சுடுகிறோம். சரி, அதை நானும் செய்தேன். ஆனால் அடுப்பிலிருந்து எடுத்தபின் முனை டெர்மினலுக்கு எட்டவில்லை என்று விரலால் லேசாக வளைத்துவிட்டேன். வெளியே செம்பு பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே மெல்லிய மீகடத்தி இழைகள் முறிந்து போய்விட்டன.

அடுத்த காயிலில் முனைகளைச் சுடுவதற்கு முன்பே கடைசி வடிவத்துக்கு வளைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பள்ளத்தில் படுக்க வைத்தேன். ஆர்கான் வாயுவில் சுட்டபின் அவற்றை அசைக்கவே இல்லை. நையோபியம்-டைட்டானியம் கம்பியை அவற்றின் பக்கத்துக்குக் கொண்டுவந்து, நீளவாக்கில் சேர்த்து சால்டர் வைத்தேன். அப்புறம் மொத்தத்தையும் வெற்றிடத்தில் எபாக்சி ஊற்றி இறுக்கினேன். இல்லாவிட்டால் காந்தவிசையே கம்பியை நகர்த்தி உடைத்துவிடும்.

இன்னொன்று: கம்பியின் கண்ணாடியிழை உறையில் உள்ள பசைப்பூச்சை முன்கூட்டியே சூடாக்கி எரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது அடுப்பில் கரியாகி, சுற்றுகளுக்கு இடையே ஷார்ட் ஆகும். இதுவும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.