ரைசன் 3600-க்கு எவ்வளவு வோல்ட் கொடுக்கலாம்?

என்னிடம் இருப்பது ரைசன் 5 3600, ஏஎம்டியின் ஆறு கோர் கணினிச் சிப் (செயலி). வாங்கிய முதல் வாரமே பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் கோர் வோல்ட்டேஜை 1.4 என்று நிலையாக வைத்து, மல்டிப்ளையரை (100 மெகாஹெர்ட்ஸின் எத்தனை மடங்கு வேகம் என்ற எண்) 43-க்கு, அதாவது 4.3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். வோல்ட்டேஜைச் சிப்பே தீர்மானிக்கும் ஆட்டோ நிலையில் இருந்தபோது 1.45, சமயத்தில் 1.47 கூடக் காட்டியது. கம்பெனியே அவ்வளவு கொடுக்கும்போது 1.4 என்ன செய்துவிடும் என்று ஒரு கணக்கு. எட்டு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு நாள், வீடியோ ரெண்டர் பாதியில் நீலத் திரை. 4.2-க்கு இறக்கிய பிறகுதான் நின்றது.

ஆட்டோவில் தெரியும் 1.45, ஒன்றிரண்டு கோர் மட்டும் சட்டென்று பாயும்போது வருவது. அப்போது ஓடும் கரண்ட் குறைவு. ஆறு கோரும் சேர்ந்து உழைத்தால் சிப் தானாகவே வோல்ட்டேஜை இறக்கிக்கொள்ளும். நாம் கையால் பூட்டிவிட்டால் அந்த இறக்கம் கிடையாது. வோல்ட், கரண்ட், சூடு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து சிப்பைத் தேய்க்கும்.

அதனால் முதலில் சிப்பிடமே கேளுங்கள். பயாஸில் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, சிப்பை முழுதாக உழைக்கவைக்கும் ப்ரைம்95 மென்பொருளில் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் கோர் வோல்ட்டேஜ் என்று ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கும். 'எஸ்விஐ2 டிஎஃப்என்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மதர்போர்டு சென்சார் காட்டும் வி-கோரை நம்பி நான் ஒரு மாலையை வீணடித்தேன். என் சிப் 1.24-இல் நின்றது.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். 1.25 வோல்ட், மல்டிப்ளையர் 40. சினிபெஞ்ச் (இதுவும் ஒரு சோதனை மென்பொருள்) பத்து நிமிடம், தாண்டினால் ப்ரைம் அரை மணி நேரம். அதையும் தாண்டினால் மல்டிப்ளையரைக் கால் புள்ளி ஏற்றுங்கள். சோதனையில் விழுந்தால் வோல்ட்டேஜை 0.0125 கூட்டிப் பாருங்கள், அதற்கு மேல் ஒரேயடியாக வேண்டாம். முழு லோடில் 1.3-ஐத் தாண்டுவதில்லை என்பது என் கட்டுப்பாடு. 1.325 வரை போகிறவர்கள் நிறைய. 1.4 வேண்டவே வேண்டாம். மின்செலவு வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறும்: 1.25-ஐ 1.4 ஆக்கினால் அதே வேகத்திலேயே கால் பங்கு கூடுதல் சூடு.

வெப்பத்தில் இந்தச் சிப்பின் எல்லை 95 டிகிரி. நான் 85-லேயே நிறுத்திவிடுவேன். சித்திரையில் என் அறையே 36 டிகிரி, மார்கழியில் தேறிய அமைப்பு அப்போது தேறாது.

லோட் லைன் கேலிப்ரேஷன் என்று பயாஸில் ஒன்று இருக்கும். லோடு ஏறும்போது வோல்ட்டேஜ் சரிவதை அது தாங்கிப் பிடிக்கும். கடைசி நிலையில் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்ட்டேஜ் எகிறிவிடும், மென்பொருளின் கண்ணில் அது படவே படாது. நடு நிலை போதும்.

திரையே வரவில்லையா? மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டின் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிவைத்து மாட்டினால் பயாஸ் பழையபடி ஆகிவிடும்.

இப்போது என்னுடையது 4.1 கிகாஹெர்ட்ஸ், 1.275 வோல்ட். அந்தப் பழைய 4.3-இல் பத்து நிமிடம் பிடித்த ரெண்டருக்கு இதில் அரை நிமிடம் கூடுதல்.