ஓகே எங்கிருந்து வந்தது? சொல்லின் பூர்வீகம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாள் முழுக்க நம் வாயில் புழங்கும் ‘ஓகே’வுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீரக் கதை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒருவரும் சாகாத நாளில் ‘ஜீரோ கில்டு’ (0 killed) என்பதை ‘0 K’ என்று சுருக்கிப் பலகையில் எழுதுவார்களாம். அந்தப் பூஜ்யம்தான் ‘ஓ’ ஆகிவிட்டதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போர் தொடங்கியது 1861-இல். ஓகே அச்சேறியது 1839-இல்! ஆண்டைப் பார்க்காமல் கதையை நம்புவதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் செய்யும் முதல் தவறு.

உண்மையில் ஓகே பிறந்தது ஒரு கிண்டலில். 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் ‘ஆல் கரெக்ட்’ என்பதற்குச் சுருக்கமாக ‘ஓ.கே.’ வந்தது. all correct என்றால் ஏ, சி என்றல்லவா வர வேண்டும்? அதை oll korrect என்று எழுதினார்கள், வேடிக்கையே அதுதான். சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் போடுவது அன்றைய பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பித்து. ‘ஆல் ரைட்’ (oll wright) ஓ.டபிள்யூ. ஆனது, ‘நோ யூஸ்’ (know yuse) கே.ஒய். ஆனது. அவையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஓகே பிழைத்ததற்கு 1840 அமெரிக்க அதிபர் தேர்தல் ஒரு பெரிய காரணம். அப்போது அதிபராக இருந்து மீண்டும் போட்டியிட்ட மார்ட்டின் வான் ப்யூரன், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் ஊர்க்காரர். ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்ற பட்டப்பெயரை வைத்து ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் நடத்தினார்கள். அவர் தோற்றுப்போனாலும், அதற்குள் அந்த இரண்டு எழுத்துகள் ஊர் ஊராகப் பரவிவிட்டன. இதைப் பிடித்துக்கொண்டு, ஓகே பிறந்ததே கிண்டர்ஹூக்கில்தான் என்பார்கள் சிலர். பெற்றது வேறு, வளர்த்தது வேறு. பழைய நாளிதழ்களைத் துருவி இந்த வரலாற்றை 1963-64இல் வெளியிட்டவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர்.

அப்புறம், ஓகே முதலெழுத்துச் சுருக்கம்தான் என்றதும் கண்ட சொல்லையெல்லாம் பிரிக்கக் கிளம்பிவிடக் கூடாது. ‘நியூஸ்’ நான்கு திசைகளின் முதலெழுத்து என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தரப்படும் கட்டுக்கதை. புதியது என்று பொருள்படும் ‘நியூ’வின் பன்மைதான் அது. முதலெழுத்துகளைக் கோத்துப் புதுச் சொல் செய்யும் வழக்கம் பரவியதே 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது விரிவாக்கம் சொன்னால், பத்துக்கு ஒன்பது பொய் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடுவது இன்னொரு தவறு. கிரேக்கத்தில் ‘ஓலா கலா’ என்றால் எல்லாம் நலம். அதனால் ஓகே கிரேக்கச் சொல் ஆகிவிடாது. நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆங்கில ‘கேஷ்’ நம் காசுதான் என்று அடித்துச் சொல்வார்கள். இதில் பாதிதான் சரி. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. அதே எழுத்துகளில் இன்னொரு ‘கேஷ்’ உண்டு. அது சிறு நாணயத்தின் பெயர். காசு போர்த்துகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1808-இல் அடித்த 10 கேஷ், 20 கேஷ் செப்பு நாணயங்களில் இருப்பது இந்தக் காசுதான்.