உறவினர் வாழும் பிரெஞ்சுப் புறநகரின் வரலாற்றைக் காரைக்காலிலிருந்து எழுதும் முறை

காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஊர்களில் பல குடும்பங்களுக்குப் பாரிசைச் சுற்றியுள்ள புறநகர்களில் மகனோ தங்கையோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். அவர்கள் முகவரி நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஊர் எப்படித் தோன்றியது, அங்கே யார் பிறந்தார், யார் ஆண்டார் என்று பேரப்பிள்ளை கேட்டால், “பாரிசுக்குப் பக்கம்” என்பதோடு நம் பதில் முடிந்துவிடுகிறது. என் தங்கையின் குடும்பம் வாழும் சேன் தெனி என்ற ஊரின் வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது நான் கற்றுக்கொண்ட வழிமுறைகளை, அந்த ஊரையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். வேறு புறநகரைப் பற்றி எழுத விரும்புபவரும் இதே வழியைப் பின்பற்றலாம்.

முதலில் ஊரை ஐயமின்றி அடையாளம் காண வேண்டும். இது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் நம் பகுதி மக்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் காரைக்கால் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பலர் ரெயூனியோன் தீவுக்குச் சென்றார்கள். அந்தத் தீவின் தலைநகரின் பெயரும் சேன் தெனிதான். ஆகவே வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் பழைய தாளில் அந்தப் பெயரைக் கண்டவுடன் பாரிசுப் புறநகர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே ஒவ்வொரு கொம்யூனுக்கும் (நம் நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சிப் பகுதிக்கும்) ஓர் எண் கொடுத்திருக்கிறது: பாரிசுக்கு வடக்கே உள்ள சேன் தெனிக்கு 93066, தீவில் உள்ளதற்கு 97411. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டப் பெயரும் மாறியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 93ஆம் எண்ணுடைய செய்ன்-சேன்-தெனி மாவட்டம் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டு, 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய தாள்களில் இவ்வூர் செய்ன் மாவட்டத்தில் இருப்பதாகவே எழுதப்பட்டிருக்கும்.

அடுத்தது பெயர்களின் ஒலிப்பு. பிரெஞ்சு எழுத்தை ஆங்கிலம் போலப் படித்துத் தமிழில் எழுதினால், அங்கே வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் விளங்காது. எழுதப்போகும் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தொலைபேசியில் உறவினரை ஒருமுறை உரக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அந்த ஒலியையே எழுதுங்கள்: தகோபேர், சுஜே, எலுவார், தொரியோ. ஒரு பெயருக்கு ஒரே எழுத்துமுறையைக் கடைசிவரை கடைப்பிடிக்க வேண்டும்.

இனி வரலாறு. நம் ஊர்க் கோயில்களுக்குத் தலபுராணம் ஒன்றும் கல்வெட்டு ஒன்றுமாக இரண்டு நினைவுகள் இருப்பது போலவே அங்கும் உண்டு. இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பாரிசின் முதல் ஆயரான புனித தெனி 3ஆம் நூற்றாண்டில் தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பதும், வெட்டுண்ட தலையைத் தன் கைகளில் ஏந்தியபடி மோன்மார்த்ர் குன்றிலிருந்து நடந்து வந்து இவ்விடத்தில் வீழ்ந்தார் என்பதும் அவ்வூரின் தலபுராணம். கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறிய அம்மையாரின் ஊரில் பிறந்த நமக்கு, இந்தக் கதையை எந்த மரியாதையோடு சொல்ல வேண்டும் என்று எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. “என்று நம்புகிறார்கள்” என்ற சொற்களோடு அதை எழுதிவிட்டு, ஆவணம் பேசும் இடத்துக்கு வாருங்கள். 639இல் மன்னர் தகோபேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். 10ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, மிகச் சிலர் நீங்கலாக, பிரான்சின் அரசர்கள் எல்லோரும் புனித தெனியின் பெயரால் இவ்வூரில் இருந்த மடாலயத்திலேயே அடக்கமாயினர்.

இவ்வூர் வரலாற்றில் நின்று நிதானித்து எழுத வேண்டிய மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் சுஜே என்பது என் கருத்து. அவர் 1122இல் மடாலயத்தின் தலைவரானார். பழைய கோயில் திருவிழாக் கூட்டத்தைத் தாங்க முடியாமல் நெரிசலில் திணறியதைக் கண்டு திருப்பணியைத் தொடங்கினார். மேற்கு முகப்பு 1140இலும், பலிபீடத்தைச் சூழ்ந்த கிழக்குப் பகுதி 1144 ஜூன் 11 அன்றும் அர்ச்சிக்கப்பட்டன. கூர்வளைவுகளும், விலா எலும்பு போன்ற தாங்கிகள் கொண்ட கூரையும், கனத்த சுவருக்குப் பதிலாக வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் ஒரே கட்டடத்தில் ஒன்றுசேர்ந்ததால், கோத்திக் கட்டடக்கலை இங்கேதான் பிறந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மன்னர் ஏழாம் லூயி சிலுவைப் போருக்குச் சென்றிருந்த 1147 முதல் 1149 வரை நாட்டையே சுஜே நிர்வகித்தார். தன் திருப்பணியின் காரணத்தையும் செலவையும் அவரே இலத்தீனில் எழுதி வைத்தார் என்பது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளை இராசராசன் கல்லில் வெட்டுவித்ததை அறிந்த வாசகர், அந்தச் செய்கையின் அருமையை உடனே உணர்வார். இப்படிப்பட்ட இடங்களில் நம் காலக்கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்: சுஜேயின் கிழக்குப் பகுதி முடிந்து சில ஆண்டுகளுக்குள், கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் கோயிலை எழுப்பிய இரண்டாம் இராசராசன் அரியணை ஏறினான். 1144 என்ற வெறும் எண்ணுக்கு அப்போது நம் மண்ணில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

1793இல் புரட்சிக்காரர்கள் அரசர்களின் கல்லறைகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள். புனிதரின் பெயரும் வேண்டாம் என்று ஊருக்குப் பிரான்சியாத் என்ற பெயரிட்டார்கள். இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை தேவைப்படுகிறது. அந்த ஆண்டுகளின் பதிவேடுகளில் ஊரின் பழைய பெயர் இராது. தேதியும் புரட்சி நாட்காட்டிப்படி எழுதப்பட்டிருக்கும். அந்த நாட்காட்டி 1805 முடிவுவரை வழக்கில் இருந்ததால், கிடைத்த தேதியை மாற்றுப் பட்டியலைக் கொண்டு வழக்கமான தேதிக்கு மாற்றி, இரண்டையும் அருகருகே எழுத வேண்டும்.

அதன் பிறகு ஊர் முற்றிலும் வேறு முகம் கொண்டது. 1821இல் கால்வாய் திறக்கப்பட்டது, பின்னர் இரயில் வந்தது, ஆலைகள் எழுந்தன. பிளெயேல் என்ற பியானோத் தொழிற்சாலையின் பெயரை அங்குள்ள சந்திப்பும், 2024இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் இன்றும் தாங்கி நிற்கின்றன. பிரான்சின் மேற்கிலுள்ள பிரெத்தாஞ் பகுதியிலிருந்தும், இத்தாலி, எசுப்பானியம், போர்த்துகல், அல்ஜீரியா நாடுகளிலிருந்தும் வேலை தேடி மக்கள் வந்தார்கள். 1998இல் திறக்கப்பட்ட ஸ்தாத் த பிரான்ஸ் விளையாட்டரங்கில், அதே ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் 3-0 என்ற கணக்கில் பிரேசிலை வென்றதை உங்கள் உறவினர் ஏற்கெனவே நூறு முறை சொல்லியிருப்பார். அதற்கு ஒரு வரி போதும்.

ஊரின் முக்கிய மனிதர்களைப் பட்டியலிடும்போது, அங்கே பிறந்தவர், அங்கே பணிசெய்தவர், அங்கே புதைக்கப்பட்டவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவு இல்லாவிட்டால் பட்டியல் முழுவதும் அரசர்களால் நிரம்பிவிடும். கவிஞர் போல் எலுவார் 1895 டிசம்பர் 14 அன்று இவ்வூரில் பிறந்தவர். மீயதார்த்தக் கவிதை இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். ஆனால் பிறப்புப் பதிவேட்டில் எலுவார் என்று தேடினால் கிடைக்கமாட்டார். அது அவர் தாய்வழிப் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்ட புனைபெயர். யூஜேன் கிரேந்தெல் என்ற இயற்பெயரில் தேட வேண்டும். மகிழ்ச்சி தராத மனிதர்களையும் விட்டுவிடக் கூடாது. 1931இல் நகரத் தலைவரான ழாக் தொரியோ பொதுவுடைமைக் கட்சியில் வளர்ந்தவர். 1934இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, 1936இல் பாசிசக் கட்சி ஒன்றைத் தொடங்கி, போர்க்காலத்தில் நாசிகளோடு கைகோத்தார். பெருமைக்குரியவர்களை மட்டும் வைத்து எழுதினால் அது வாழ்த்து மடலாகுமே தவிர வரலாறாகாது.

ஆவணங்களைத் தேட வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பிரான்சின் தேசிய நூலகம் நடத்தும் காலிக்கா இணையதளத்தில் பழைய நூல்கள், வரைபடங்கள், செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். தேசிய நிலவரைவு நிறுவனத்தின் தளத்தில் பழைய வான்வழிப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உறவினர் வீடு இருக்கும் இடத்தில் முன்பு தோட்டம் இருந்ததா, ஆலை இருந்ததா என்று அதில் தெரிந்துவிடும். தொழிற்சங்கத்தினர், இடதுசாரித் தலைவர்கள் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகளுக்கு மெத்ரோன் என்னும் வாழ்க்கை வரலாற்று அகராதி இருக்கிறது. இவற்றுக்கு மேலாக, 1792 முதல் கொம்யூன்கள் நடத்திவரும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. காரைக்காலார்க்கு ‘எத்தா சிவில்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1739 முதல் 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய காலம் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊரும் அதே முறையில் பதிவேடு வைத்ததுதான். தேடும்போது நேரே பதிவேட்டைத் திறக்காமல், பத்தாண்டு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். 1895இல் பிறந்தவருக்கு 1893 முதல் 1902 வரையிலான அட்டவணை. அதில் பெயரையும் நாளையும் கண்ட பிறகு பதிவேட்டில் அந்தப் பக்கத்துக்குச் செல்லலாம். பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதால், அண்மைக்கால மனிதர்களைப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை.

பயனில்லாத அந்த இடத்தில்தான் நம் வேலையின் மிக முக்கியமான பகுதி தொடங்குகிறது. சேன் தெனியைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதப்பட்ட வரலாறுகள் ஏராளம்; ஆனால் அரசலாற்றங்கரையிலிருந்து ஒரு குடும்பம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்தக் குடும்பத்தார் சொல்லாவிட்டால் எந்த நூலும் சொல்லப்போவதில்லை. உறவினரிடம் பேசும்போது ஆவணங்களிலிருந்தே கேள்வியைத் தொடங்குங்கள். குடும்பப் பெயர் எப்போது வந்தது? 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை எப்படி வந்தது? காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விருப்பம் தெரிவிக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. தாத்தாவோ பாட்டியோ அந்த மாதங்களில் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்று கேளுங்கள். வீட்டில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’ யாரேனும் இருந்தாரா? அங்கே போனதும் முதலில் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், யார் இடம் கொடுத்தார்கள், குளிர்காலத்தில் முதல் பொங்கலை எப்படி வைத்தார்கள்?

பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, கேட்ட நாளையும் அருகில் குறியுங்கள். உயிரோடு இருப்பவரின் பெயரையும் முகவரியையும் அவருடைய ஒப்புதலின்றி வெளியிடாதீர்கள். எழுதி முடித்ததும் ஒரு படியை அங்குள்ள பிள்ளைகளுக்கு அனுப்பி, தெருப் பெயர்களையும் ஒலிப்பையும் அவர்களே திருத்தும்படி கேளுங்கள். 2025 ஜனவரி 1 அன்று பக்கத்து ஊரான பியெர்பீத் சேன் தெனியோடு இணைக்கப்பட்டு, இரண்டும் ஒரே கொம்யூன் ஆகிவிட்டன. நான் முதலில் வரைந்த ஊர் எல்லையை என் தங்கை மகள்தான் இப்படித் திருத்தி அனுப்பினாள்.